கங்காணியின் முகம்
‘எரியும் பனிக்காடு’ நாவலை இன்று வாசிக்கையில்

மதுரையிலிருந்து திருமங்கலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கப்பலூர் என்றோர் ஊர் உண்டு. பெயரிலே கப்பல் இருக்கிறது. ஆனால் கடலுக்கும் அவ்வூருக்கும் நெடுந்தொலைவு. கண்ணுக்கெட்டிய வரையில் தொழிற்பேட்டையின் கூரைகளும் சுங்கச்சாவடியும் கருவேலங்காடுமே தென்படும். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அவ்வூரில் தங்கவைக்கப்பட்டிருந்த இலங்கையர் 23 பேரைக் ‘கியூ’ பிரிவுக் காவல்துறையினர் கைது செய்தனர். தாய்மண்ணில் வாழ வழியற்றுப் படகேறித் தமிழகக் கரையை அடைந்தவர்கள் அவர்கள். கனடாவுக்குக் கப்பல் வரும் என்ற சொல்லை நம்பிக் காத்திருந்தவர்கள். கப்பல் வரவில்லை, கப்பலூர்தான் வாய்த்தது.

அதே நாட்களில் மங்களூரிலும் 38 இலங்கையர் பிடிபட்டனர். அவ்வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்று, அவ்வாண்டு அக்டோபரில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஒவ்வொருவரிடமும் இலங்கை ரூபாயில் மூன்றரை லட்சம் முதல் பத்து லட்சம் வரை பெறப்பட்டது என்றும், முறையான ஆவணங்களும் வேலையும் பெற்றுத் தருவதாக ஆசை காட்டப்பட்டது என்றும் அம்முகமை கூறியது. செய்தித்தாள்கள் சில நாட்கள் எழுதின, பின்னர் மறந்தன. நாமும் மறந்தோம்.

மறந்ததை நினைவூட்டியது ஒரு நாவல். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்னும் அந்நூல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று 2007இல் தமிழுக்கு வந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட கூலிகளின் கதை அது. வெள்ளையர் காலத்துப் பழங்கதை என்று அதனை மூடிவைத்தவர்கள் உண்டு. கப்பலூர்ச் செய்தியோடு சேர்த்து அதனை மறுபடி வாசித்தபோது, அது பழங்கதையாக நமக்குத் தோன்றவில்லை. மனித வணிகத்தைப் பற்றிச் சட்ட நூல்கள் சொல்லாத ஒன்றை அந்நாவல் அறிந்திருக்கிறது. அறிந்திருந்தும் அதன் ஆழம்வரை செல்லத் தயங்குகிறது. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் அதன் வலிமையும்

நெல்லைச் சீமையில் மயிலோடை என்னும் சிற்றூர். மழை பொய்த்து, வேலையும் சோறும் இல்லாமற்போன ஊரில் கருப்பனும் வள்ளியும் வாழ்கிறார்கள். சங்கரபாண்டி என்னும் மேஸ்திரி வருகிறான். நல்ல உடுப்பு, இனிய சொல், கையிலே முன்பணம். மலைக்கு வந்தால் கூலி உண்டு, குடியிருக்க வீடு உண்டு, ஓராண்டு உழைத்துவிட்டுக் கைநிறையப் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்கிறான். அவர்கள் செல்கிறார்கள். குளிரும் அட்டையும் மலேரியாவும் அவர்களை வரவேற்கின்றன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது, பெற்ற முன்பணமே இன்னும் தீரவில்லை என்று ஏடு சொல்கிறது. ஓராண்டு இரண்டாகிறது, இரண்டு பலவாகின்றன.

இந்நாவலின் முதன்மையான வலிமை அதன் கணக்குத்தான். நம் புதினங்களிற் பல, ஏழையின் துயரைக் கண்ணீராற் சொல்லும். டேனியல் அதனை ரூபாய் அணாவாற் சொல்கிறார். முன்பணம் எவ்வாறு கடனாகிறது, கடன் எவ்வாறு விலங்காகிறது, தொழிலாளியின் கூலியில் மேஸ்திரிக்கு உரிய பங்கு எவ்வாறு செல்கிறது, நோயுற்ற நாள் எவ்வாறு கூலியற்ற நாளாகிறது என்பவற்றையெல்லாம் அவர் அடுக்கிவைக்கிறார். அவர் வால்பாறைத் தோட்டங்களில் 1940களில் தொடங்கி மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிற்சங்கப் பணியிலும் ஈடுபட்டவர். பிணியாளர்களின் நாடியைப் பிடித்த கையே பிற்பாடு பேனாவைப் பிடித்தது. ஆகவே அவர் எழுத்தில் மருத்துவக் குறிப்பின் சுருக்கமும் துல்லியமும் உண்டு. ஒப்பனை குறைவு, உண்மை மிகுதி.

இத்துறையில் அவருக்கு முன்னோடிகள் உண்டு. புதுமைப்பித்தன் 1935இல் ‘மணிக்கொடி’யில் எழுதிய ‘துன்பக்கேணி’, மருதி என்னும் பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டம்வரை பின்தொடர்ந்து சென்றது. அக்கதை ஒரு பெண்ணின் அழிவை நம் நெஞ்சில் அறைகிறது. டேனியலோ அவ்வழிவை நிகழ்த்தும் பொறியைத் திறந்து, அதன் சக்கரங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். கலை நுட்பத்தில் புதுமைப்பித்தனே உயர்ந்து நிற்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு நீதிபதியின் மேசையில் வைக்கத்தக்க சான்று எது என்று கேட்டால், டேனியலின் நூலையே எடுத்து நீட்டுவோம்.

சட்டம் யார் பக்கம் நின்றது?

கருப்பனும் வள்ளியும் ஏன் ஓடிவிடவில்லை என்று இளைய வாசகர் கேட்கக்கூடும். விடை வரலாற்றில் இருக்கிறது. 1859இல் ஆங்கில அரசு இயற்றிய ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்றுவிட்டு வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கியது. கடன் என்பது உரிமையியல் வழக்கு; அது குற்றமன்று என்பதே பொதுநெறி. ஆனால் கூலியின் கடனுக்கு மட்டும் காவலர் வந்தார், நடுவர் தண்டித்தார். அச்சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. சென்னை மாகாணத் தோட்டங்களுக்கென்றே 1903இல் தனிச் சட்டமும் இருந்தது. ஆக, ஆளைப் பிடித்துச் சென்றவன் வீட்டில் உறங்கினான். பிடிபட்டவனைத்தான் காவல்துறை தேடியது. சட்டம் நீக்கப்பட்ட பின்னரும் அந்த அச்சம் நீங்கவில்லை என்பதை நாவலின் பிற்பகுதி உணர்த்துகிறது.

அன்றைய நிலையிலிருந்து உலகம் நெடுவழி வந்திருக்கிறது என்பது மெய்யே. 1976இல் நம் நாடு கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் கண்டது. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை, நாடுகடந்த குற்றக் கும்பல்களுக்கு எதிரான உடன்படிக்கையையும், அதனோடு மனித வணிகத்தைத் தடுக்கும் நெறிமுறையையும் ஏற்றது. மாபியாக் கும்பல்களின் கொடுமையால் குருதி சிந்திய சிசிலித் தீவின் பலெர்மோ நகரிலேயே நாடுகள் அவற்றில் கையொப்பமிடத் தொடங்கின. அந்நெறிமுறையை இந்தியா 2011இல் உறுதி செய்தது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு அதற்கேற்பத் திருத்தப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 143ஆம் பிரிவாக நிற்கிறது. அமைப்பு சார்ந்த குற்றங்களுக்கெனத் தனிப்பிரிவும் அதில் உண்டு.

பலெர்மோ நெறிமுறையில் ஒரு வரையறை நம் நாவலுக்கு மிக நெருக்கமானது. வஞ்சகத்தாலோ, வன்முறையாலோ, ஒருவருடைய கையறுநிலையைப் பயன்படுத்தியோ பெறப்பட்ட சம்மதம் சம்மதமாகாது என்பதே அது. குழந்தையாயின் அத்தகைய வழிமுறைகளை மெய்ப்பிக்கவும் தேவையில்லை. பசித்தவனுடைய ‘சரி’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதைச் சட்டம் 2000இல் எழுதியது. கருப்பன் முன்பணத்தைக் கைநீட்டி வாங்கும் இடத்தில் டேனியல் அதனை 1969இலேயே எழுதிவிட்டார். அக்காட்சியில் மேஸ்திரி எவரையும் மிரட்டுவதில்லை. மிரட்டலை மேஸ்திரிக்கு முன்பே பஞ்சம் செய்து முடித்துவிடுகிறது.

இருந்தும் கப்பலூரில் என்ன நடந்தது? முதலில் கைது செய்யப்பட்டவர்கள் ஏமாற்றப்பட்டவர்களே. கடவுச்சீட்டு இன்றி நாட்டுக்குள் நுழைந்தது குற்றம் என்பது சட்டப்படி சரி. ஆள்கடத்தலுக்கும், கள்ளத்தனமாக எல்லை கடத்திவிடுவதற்கும் சட்டம் வேறுபாடு காண்கிறது என்பதையும் நாம் அறிவோம். ஆனால் முதலாவதாகத் தொடங்கும் பயணம் வழியிலேயே இரண்டாவதாக மாறுவதும், இரண்டாவதாகத் தொடங்குவது முதலாவதாக முடிவதும் அன்றாட நிகழ்ச்சி. பணம் கொடுத்துப் பயணம் வாங்கியவன், எந்த ஊரில் எந்த அறையில் சரக்காக மாறுகிறான் என்பதை அவனே அறியான். அந்த நொடியைக் காணும் கண் குற்றப்பத்திரிகைக்கு அரிது. அத்தகைய கண் வேண்டும் என்பதாலேயே நாவல் வேண்டும் என்கிறோம்.

திரைப்படம் தவறவிட்டது

இந்நாவலைத் தழுவி இயக்குநர் பாலா 2013இல் ‘பரதேசி’ என்னும் படத்தை எடுத்தார். பஞ்சம் பிழைக்க மலைநோக்கி ஊரே நடந்து செல்லும் நெடும்பயணமும், தன் மனைவியும் குழந்தையும் அதே நரகத்துக்கு வந்து சேர்வதைக் கண்டு நாயகன் கதறும் இறுதிக் காட்சியும் மறக்கவொண்ணாதவை. அவற்றுக்காக அப்படத்தை நாம் மதிக்கிறோம்.

ஆனால் மருத்துவர் பாத்திரத்தில் படம் நாவலைக் கைவிட்டது. நாவலில் வரும் மருத்துவர் ஆபிரகாம், தோட்ட நிர்வாகத்தோடு போராடித் தொழிலாளரின் உயிரைக் காக்க முனைபவர். படத்தில் வரும் மருத்துவரோ, நோயைவிட மதமாற்றத்திலேயே நாட்டமுடைய கோமாளியாக ஆடிப்பாடுகிறார். கிறிஸ்தவர்கள் என்பதால் நாம் சினங்கொள்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. மதப்பணி என்ற பெயரில் ஏழையின் இயலாமையைப் பயன்படுத்தியவர்கள் இருந்திருப்பின், அவர்களைக் கலை சாட்டையால் அடிக்கட்டும். அதனை ஏற்கும் துணிவு நமக்கு உண்டு. நம் குறை வேறு. அம்மருத்துவர் நாவலின் சாட்சி. டேனியல் தம் கண்ணால் கண்டதை நமக்குக் கொண்டு சேர்க்கும் வழி அவர்தான். சாட்சியைக் கோமாளியாக்கும்போது வழக்கே வலுவிழக்கிறது. கொடுமையைக் கண்டும் பேச ஒருவருமில்லாத இருட்டாக அம்மலை மாறிவிடுகிறது. உண்மையில் பேசிய ஒருவர் இருந்தார். அவர் பேசியதனால்தான் அப்படமே பிறந்தது.

நாவல் தயங்கிய இடம்

நாவலின்மீதும் நமக்கு ஒரு குறை உண்டு. மேஸ்திரியின் தந்திரத்தைக் காட்டும் ஆசிரியர், அவன் நெஞ்சுக்குள் போதிய அளவு நுழையவில்லை. அவன் யார்? எங்கிருந்து வந்தான்? இலங்கையில் கங்காணி என்றும் ஆனைமலையில் மேஸ்திரி என்றும் அழைக்கப்பட்ட இவர்களிற் பலர், தாமும் ஒரு காலத்தில் கூலிகளாக மலையேறியவர்களே என்பது வரலாறு. அவர்கள் ஆள் பிடித்ததும் பெரும்பாலும் தம் சொந்த ஊரில், சொந்தச் சாதியில், சொந்த உறவில்தான். அன்னியன் அழைத்தால் எவரும் போகமாட்டார். மாமன் அழைத்தால் போவார். கங்காணி முறையின் முழுப்பலமும் இந்த ‘மாமன்’ என்ற சொல்லில் அடங்கியிருந்தது. நாவலில் சங்கரபாண்டி வெறும் வஞ்சகனாக நின்றுவிடுவதால், வாசகர் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியடைகிறார். தம் உறவினர் ஒருவரின் முகத்தை அவனிடத்தில் காணும் துயரம் வாசகருக்கு வாய்ப்பதில்லை.

மதுரைச் சமவெளியில் வாழும் நமக்கு அத்துயரம் தூரத்ததன்று. உசிலம்பட்டி வட்டாரத்துச் சிறுவர்கள் வடமாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்கு முன்பணத்தின் பேரில் அனுப்பப்பட்டதை நாம் அறிவோம். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் விடியுமுன்பே எழுந்து நள்ளிரவு வரை நின்ற பிள்ளைகள் அவர்கள். மீட்கப்பட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்கு, கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ்க் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் வழங்குவார். ஆனால் ‘உன்னை அழைத்துச் சென்றது யார்?’ என்ற வினாவுக்குத்தான் விடை எளிதில் வருவதில்லை. அழைத்துச் சென்றவர் பக்கத்துத் தெருக்காரர், பெரியப்பா முறை. முன்பணம் வாங்கியது தந்தை. வாயைத் திறந்தால் குடும்பம் உடையும். ஆகவே வாய்கள் மூடுகின்றன, வழக்கு வலுவிழக்கிறது.

டேனியல் எழுதாத அந்த அத்தியாயத்தை அண்மைக் காலம் வேறொரு நாட்டில் எழுதிக் காட்டியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற நம் இளைஞர்கள், மியன்மார் எல்லையில் உயர்ந்த மதில்களுக்குள் அடைக்கப்பட்டு, இணையவழி மோசடி செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022 அக்டோபரில் அவ்வாறு மீட்கப்பட்ட தமிழர் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தனர். 2025 மார்ச்சில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் அழைத்துவரப்பட்டனர். அம்முகாம்களில் அடைபட்டோரிடம், ‘உனக்குப் பதிலாக இன்னும் சிலரை வரவழைத்தால் உன்னை விடுவிப்போம்’ என்று பேரம் பேசப்பட்டதாக மீண்டவர்கள் கூறியிருக்கிறார்கள். அடிமையே ஆள்பிடிப்பவனாக மாற்றப்படும் அந்தக் கொடிய வாசலில்தான் கங்காணி பிறக்கிறான். அவ்வாசலைக் காட்டும் தமிழ் நாவலுக்காக நாம் இன்னும் காத்திருக்கிறோம்.

இருபது வெள்ளிக்காசு

விவிலியத்தில் அவ்வாசல் திறந்தே இருக்கிறது. தொடக்க நூல் 37ஆம் அதிகாரத்தில் யோசேப்பு இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்படுகிறான். விற்றவர்கள் எதிரிகளல்லர், உடன்பிறந்தோர். அவன் நம் தம்பி, நம் சொந்தச் சதை. ஆகவே கொல்ல வேண்டா, விற்றுவிடுவோம் என்பது யூதாவின் வாதம். உறவைக் காரணம் காட்டியே விற்பனை நியாயப்படுத்தப்படுகிறது. பின்னர் அங்கியை ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்த்துத் தந்தையிடம் அனுப்புகிறார்கள். மனித வணிகத்தின் போலி ஆவணத்துக்கு அந்த அங்கியை விடப் பழைய எடுத்துக்காட்டு நம் மறைநூலில் இல்லை.

இதனை உருவகம் என்று கடந்துவிட முடியாது. கப்பலூர்க் கைதுகள் நடந்த அதே 2021 ஜூன் மாத இறுதியில், மதுரை நகரில் ஒரு காப்பகத்தின் பொறுப்பிலிருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவால் இறந்துவிட்டதாக ஆவணம் காட்டப்பட்டது. ஐயுற்று விசாரித்த காவல்துறை, விற்கப்பட்டிருந்த அக்குழந்தையை உயிரோடு மீட்டது. இரத்தம் தோய்ந்த அங்கிக்குப் பதிலாக, மயானத்தின் பெயரில் ஒரு தாள். யாக்கோபு அழுததோடு நின்றார். மதுரையில் ஒருவர் ஐயுற்றுக் கேள்வி கேட்டார், குழந்தை மீண்டது.

அந்தக் கேள்வியைப் பற்றியே இறுதியாகச் சொல்ல விரும்புகிறோம். பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் 1923 முதல் இயங்கிவருகிறது. இந்தியாவில் மத்தியப் புலனாய்வுத் துறை அதன் தொடர்பு நிலையமாக உள்ளது. ஆனால் இன்டர்போல் எவர் வீட்டுக் கதவையும் தட்டிக் கைது செய்வதில்லை. ஒரு நாட்டின் தகவலை இன்னொரு நாட்டுக்கு அது கொண்டு சேர்க்கிறது. கைது செய்வது அந்தந்த நாட்டுக் காவல்துறையின் வேலை. அத்தகவலோ ஒரு தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில், யாரோ ஒருவர் வாய்திறப்பதில் தொடங்குகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இதனை உணர்ந்திருந்தார். 2014இல் பல நாட்டுக் காவல்துறைத் தலைவர்களையும் ஆயர்களையும் வத்திக்கானில் ஒருங்கே அமரச் செய்த புனித மார்த்தா குழு, அவர் ஆதரவில் உருவானதே. காவலரிடம் பேச அஞ்சும் ஏழை, அருள்சகோதரியிடம் பேசுவார் என்பதே அம்முயற்சியின் அடிப்படை. அடிமையாக விற்கப்பட்டுப் பின்னர்த் துறவியான புனித ஜோசபின் பக்கித்தாவின் திருநாளாகிய பிப்ரவரி 8ஐ, மனித வணிகத்துக்கு எதிரான செபநாளாகத் திருச்சபை 2015 முதல் கடைப்பிடித்து வருகிறது.

செபம் நன்று, செபித்துவிட்டு எழுந்தபின் செய்யவேண்டியது எது? நம் அன்பியக் கூட்டங்களில் ‘எரியும் பனிக்காடு’ வாசிக்கப்படட்டும் என்கிறோம். வாசித்து முடித்தபின், சங்கரபாண்டியைப் பழிப்பதில் பொழுதைப் போக்காமல், ஒரேயொரு வினா கேட்கப்படட்டும்: இவ்வாண்டு நம் பங்கிலிருந்து வெளியூர் வேலைக்குச் சென்ற பிள்ளைகள் யார் யார், அவர்களை அழைத்துச் சென்றவர் யார்? அப்பெயரைச் சொல்லும்போது நமக்குக் கூச்சம் வரலாம். அது நமக்கு வேண்டியவரின் பெயராக இருக்கலாம். டேனியல் ஒரு மருத்துவராகத் தாம் கண்டதை எழுதிவைத்தார். அதற்குமேல் நம்மிடம் கேட்கப்படுவது பெரிதன்று. நாமும் கண்டதைச் சொல்லவேண்டும், அவ்வளவே.